வாரண்ட் இல்லாம போலீஸ் வீட்டுக்குள்ள வரலாமா? நாம "உள்ள வாங்க"ன்னு சொல்றதுக்கு சிங்கப்பூர்ல என்ன மதிப்பு?

"வாரண்ட் இருக்கான்னு கேளுங்க, இல்லன்னா கதவைத் திறக்காதீங்க"ன்னு ஒரு அறிவுரை நம்ம வாட்ஸ்அப் குரூப்புகள்ல ரொம்ப நாளா சுத்திக்கிட்டு இருக்கு. சொல்றவங்க நல்ல மனசோடதான் சொல்றாங்க, ஆனா அது அமெரிக்க சீரியல் பாத்து வந்த சட்ட அறிவு. அதை நம்பி தேக்காவுலயோ ஈஷூன்லயோ ஒருத்தர் கேட்டைப் பூட்டிக்கிட்டு நின்னா அவருக்குத்தான் கேஸ் கூடும். இன்னொரு பக்கம், "போலீஸ் வந்தா எல்லாத்தையும் திறந்து காட்டிடணும், இல்லன்னா சந்தேகப்படுவாங்க"ன்னு நினைக்கிறவங்களும் நம்மள்ல நிறைய பேர், குறிப்பா வேலைக்கு வந்திருக்கிற தம்பிங்க. ரெண்டுமே சரியில்ல, உண்மை நடுவுல எங்கயோ இருக்கு, அதைக் கொஞ்சம் பொறுமையா பாக்கலாம்.

முதல்ல அடிப்படை. அமெரிக்க அரசியலமைப்புல நாலாவது திருத்தம்னு ஒண்ணு இருக்கு, நியாயமில்லாத சோதனை கூடாதுன்னு நேராவே சொல்லுது. நம்ம சிங்கப்பூர் அரசியலமைப்புல அப்படி ஒரு வரி கிடையாது. 9வது பிரிவு உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் காப்பாத்துது, கைதானா காரணம் சொல்லணும், வக்கீலைப் பாக்க விடணும்னு சொல்லுது, ஆனா வீட்டு அந்தரங்கம்னு தனியா ஒரு உரிமை அதுல எழுதப்படல. அதனால வீட்டுக்கு பாதுகாப்பே இல்லன்னு அர்த்தமில்ல. இங்கிலாந்துல 1762ல ராஜாவோட ஆளுங்க ஜான் என்டிக்னு ஒரு எழுத்தாளர் வீட்டை உடைச்சு உள்ள போய் அவரோட காகிதங்களை அள்ளிக்கிட்டு போனாங்க, அவர் கேஸ் போட்டாரு, 1765ல நீதிபதி கேம்டன் பிரபு, சட்டத்துல இடம் இருக்குன்னு காட்ட முடியலன்னா அரசாங்க ஆளா இருந்தாலும் அது அத்துமீறல்தான்னு தீர்ப்பு சொன்னாரு. இங்கிலாந்து பொதுச்சட்டம் வழியா வந்த அந்த கொள்கைதான் நம்மளுக்கும் அடிப்படை. யாரா இருந்தாலும் உங்க வீட்டுக்குள்ள கால் வைக்க ரெண்டுல ஒண்ணு வேணும், ஒண்ணு சட்டம் குடுத்த பவர், இல்லன்னா உங்க சம்மதம்.

சிங்கப்பூர்ல அந்த முதல் வகை, அதாவது சட்டம் குடுக்குற பவர், ரொம்ப அகலமானது. கதையே அங்கதான் இருக்கு.

நம்ம குற்றவியல் நடைமுறைச் சட்டம், 2010ல புதுசா எழுதினது, குற்றங்களை ரெண்டா பிரிக்குது. வாரண்ட் இல்லாமலே கைது பண்ணலாம்ங்கிற குற்றங்கள் ஒரு பக்கம், வாரண்ட் வேணும்ங்கிறது இன்னொரு பக்கம். திருட்டு, ஏமாத்து வேலை, போதைப்பொருள் எல்லாம் முதல் வகை. பக்கத்து வீட்டுக்காரரோட சண்டையில சாதாரணமா ஒரு அறை விட்டா அது பொதுவா ரெண்டாவது வகை. (அதனாலதான் போலீஸ் ரிப்போர்ட் குடுத்த பல பேர்கிட்ட "நீங்க மாஜிஸ்ட்ரேட்கிட்ட கம்ப்ளெயின்ட் பண்ணுங்க"ன்னு சொல்லி அனுப்புறாங்க.) முதல் வகை குற்றம்னா, 34வது பிரிவுப்படி சில நிலைமைகள்ல போலீஸ் வாரண்ட் இல்லாம ஒரு இடத்தை சோதனை போடலாம். முன்னாடி அதுக்கு ஒரு முக்கியமான தடை இருந்துச்சு, பொருளைக் கொண்டாந்து குடுன்னு உத்தரவு போட்டாலும் அந்த ஆள் குடுக்க மாட்டான்னு போலீஸுக்கு நினைக்க காரணம் இருக்கணும். 2024 பிப்ரவரி 5ஆம் தேதி நாடாளுமன்றம் நிறைவேத்தின திருத்தத்துல அந்தத் தடையை எடுத்துட்டாங்க. கேஸுக்கு வேண்டிய ஆதாரம் அந்த ஆள்கிட்ட இருக்குன்னு நியாயமா நம்பினாலே போதும்னு ஆயிடுச்சு. உத்தரவு போட்டுட்டு காத்திருந்தா அதுக்குள்ள ஆதாரத்தை அழிச்சிடுவாங்கங்கிறது இதுக்கான வாதம், போன்ல எல்லாத்தையும் ஒரு நிமிஷத்துல அழிக்கிற காலத்துல அந்த வாதத்தை லேசா தள்ளிட முடியாது. ஆனா ஒண்ணு கவனிக்கணும், "நியாயமா நம்பினாரா"ங்கிறதை சோதனைக்கு முன்னாடி பாக்குற ஆள் நீதிபதி இல்ல, வாசல்ல நிக்கிற அதே அதிகாரி. வாரண்ட்ன்னா போலீஸுக்கு வெளிய இருக்கிற ஒருத்தர் முதல்ல ஒரு தடவை யோசிச்சிருக்காருன்னு அர்த்தம், எனக்கு அந்த காகிதத்தைவிட அந்த ரெண்டாவது ஆளோட யோசனைதான் பெருசா தெரியுது.

இந்த முதல் வகையில என்னென்ன வரும்ங்கிறது பல பேருக்கு தெரியாது. 2016ல புக்கிட் பாத்தோக் இடைத்தேர்தல் முடிஞ்சு, பிரசாரம் பண்ணக்கூடாத ஓய்வு நாள்ல ஃபேஸ்புக்ல அரசியல் எழுதினாங்கன்னு ரெண்டு பேர் மேல விசாரணை வந்தப்ப, அவங்க வீட்டுக்கே போய் வாரண்ட் இல்லாம போன், கம்ப்யூட்டர் எல்லாம் எடுத்துக்கிட்டு போனாங்க. தேர்தல் சட்டத்துல அது கைது பண்ணக்கூடிய குற்றமா இருந்ததால அதுக்கு இடம் இருந்துச்சு. கத்தி எடுத்தவன், கொள்ளை அடிச்சவன் வீட்டை மட்டும்தான் இப்படி சோதிப்பாங்கன்னு நினைக்க வேண்டாம்.

போதைப்பொருள்னு வந்துட்டா பவர் இன்னும் நேரடி. போதைப்பொருள் தவறான பயன்பாட்டுச் சட்டத்தோட 24வது பிரிவு, ஒரு இடத்துல சரக்கு இருக்குன்னு நியாயமா சந்தேகப்பட்டா எந்த நேரத்துலயும் வாரண்ட் இல்லாம உள்ள போய் தேடலாம்னு சிஎன்பி (மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவு) ஆளுங்களுக்கு சொல்லுது. ராத்திரி மூணு மணிக்கும் வரலாம், திறக்கலன்னா கேட்டை வெட்டியும் உள்ள வரலாம். நம்ம சமுதாயத்துல இதை நேர்ல பாத்த குடும்பங்கள் இருக்கு, அவங்க யாரும் இதை வெளிய பேச மாட்டாங்க. அந்தச் சட்டத்துல இன்னொரு பிரிவையும் சேர்த்துப் படிக்கணும், 18வது பிரிவு. சரக்கு கிடைச்ச இடத்தோட சாவி உங்க கையில இருந்தா, அந்த சரக்கு உங்ககிட்ட இருந்ததாவே முதல்ல எடுத்துக்குவாங்க, இல்லன்னு நிரூபிக்கிற பாரம் உங்க தலையில. 15 கிராமுக்கு மேல சுத்தமான ஹெராயின் கடத்தினா தூக்கு இருக்கிற ஊர்ல இது எவ்வளவு பெரிய பாரம்னு தனியா சொல்ல வேண்டியதில்ல. ரூமை வாடகைக்கு விட்டுட்டு ஒரு சாவியை தானும் வச்சிருக்கிற அம்மா, நண்பன் பொருளை "ரெண்டு நாளைக்கு வச்சிரு"ன்னு குடுத்ததை லாக்கர்ல வச்சிருக்கிற தம்பி, இவங்களுக்கெல்லாம் வீட்டு சோதனைங்கிறது ஏதோ அடுத்தவன் பிரச்சினை இல்ல. 2025 செப்டம்பர் 1ல, வேப்ல கலக்குற எட்டோமிடேட்ங்கிற மயக்க மருந்தையும் சி வகை போதைப்பொருள் பட்டியல்ல சேர்த்தாங்க, அதனால மேசை டிராயர்ல கிடக்கிற ஒரு வேப் கூட அப்ப இந்த சட்டத்துக்குள்ள வர்ற நிலைமை ஆச்சு, பெத்தவங்க இதைத் தெரிஞ்சு வச்சிக்கணும்.

இது போக கைது பண்ண வேண்டிய ஆள் உள்ள இருக்கான்னா அதுக்காகவும் போலீஸ் உள்ள வரலாம். வரி கட்டாத சிகரெட்டுக்கு சுங்கத்துறை வரும், கொசு பாக்க தேசிய சுற்றுப்புற வாரியம் வரும், டெங்கி பரவுற இடத்துல நோட்டீஸ் ஒட்டியும் யாரும் திறக்கலன்னா சட்டப்படி பூட்டை உடைச்சு உள்ள போகவும் அவங்களுக்கு பவர் இருக்கு. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) ஆளுங்க ரூம் வாடகை சோதனைக்கு வருவாங்க. ஒவ்வொருத்தர் பவரும் ஒவ்வொரு சட்டத்துல இருந்து வருது, ஒவ்வொண்ணுக்கும் ஒரு எல்லை இருக்கு, கொசு பாக்க வந்தவருக்கு உங்க அலமாரி ஃபைலைப் புரட்டுற வேலை கிடையாது.

இவ்வளவு பவர் இருக்கும்போது நம்ம சம்மதம் எதுக்குன்னு கேக்கலாம். எனக்கு இந்த விஷயத்துல முக்கியமா படுறதே இந்த இடம்தான். போலீஸ் உங்க வாசலுக்கு வர்ற எல்லா நேரத்துலயும் அவங்ககிட்ட பவர் இருக்கிறதில்ல. சத்தம் அதிகம்னு பக்கத்து வீட்ல கம்ப்ளெயின்ட், காரிடார்ல சண்டை, யாரையோ தேடி பிளாக் முழுக்க கேட்டுக்கிட்டு வர்றது, இப்படி நிறைய. அப்ப அதிகாரி "உள்ள வந்து ஒரு நிமிஷம் பாக்கலாமா"ன்னு கேக்குறாரு. அது கேள்வி. கட்டளை மாதிரி கேக்கும், ஆனா கேள்வி. "வாங்க சார்"னு சொன்ன அந்த நொடியில நீங்க ஒரு வாசலைத் திறந்தது மட்டும் இல்ல, அவருக்கு உள்ள வர காரணம் இருந்துச்சா இல்லையாங்கிற கேள்வியையே மூடிட்டீங்க. அப்புறம் யாரும் அதைக் கேக்க மாட்டாங்க, கேட்டாலும் "அவங்களே கூப்பிட்டாங்க"ன்னு பதில் வந்துடும்.

சீருடையில நாலு பேர் நிக்கும்போது நாம சொல்ற "சரி" உண்மையிலயே சம்மதம்தானா? அமெரிக்காவுல 1968ல பம்பர்ங்கிற கேஸ் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. நார்த் கரோலினாவுல கிராமத்து மண் ரோட்டு கடைசியில இருந்த வீடு, 66 வயசு கறுப்பினப் பாட்டி, வாசல்ல நாலு வெள்ளைக்கார அதிகாரிங்க, "எங்ககிட்ட வாரண்ட் இருக்கு"ன்னு சொன்னாங்க, பாட்டி சரி போய்ப் பாருங்கன்னுட்டாங்க, உள்ள துப்பாக்கி கிடைச்சுது. பின்னாடி அரசு தரப்பு வாரண்ட்டை நம்பாம பாட்டியோட சம்மதத்தை வச்சே வாதாடுச்சு. பவர் இருக்குன்னு சொல்லிட்டா எதிர்ல நிக்கிறவங்களுக்கு மறுக்க வழியே இல்ல, அதனால அது சம்மதம் ஆகாதுன்னு நீதிமன்றம் சொல்லிடுச்சு. ஆனா அதே நீதிமன்றம் 1973ல ஒரு கார் சோதனை கேஸ்ல, மறுக்கலாம்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்னு அவசியமில்ல, மனசார ஒத்துக்கிட்டீங்களான்னு மட்டும் பாப்போம்னு இறங்கி வந்துச்சு. இங்கிலாந்து இதுல தெளிவா இருக்கு. அங்க போலீஸ் பவரைப் பத்தின 1984 சட்டத்தோட நடைமுறை விதிப்படி, சம்மதத்தை வச்சு வீட்டை சோதிக்கணும்னா முடிஞ்சவரை எழுத்துல வாங்கணும், எதுக்காக சோதனைன்னு சொல்லணும், "நீங்க ஒத்துக்கணும்னு கட்டாயம் இல்ல"ன்னும் அதிகாரியே வாயால சொல்லணும்.

அந்த ஒரு வரி இங்கயும் வரணும்னு நான் நினைக்கிறேன். நம்ம பிளாக்ல பகல் நேரத்துல வீட்ல இருக்கிறது யாரு? பேரப்பிள்ளையைப் பாத்துக்கிற பாட்டி, பணிப்பெண், ஷிஃப்ட் முடிச்சு தூங்குற தம்பி. அந்தப் பாட்டி காலத்துல "மாத்தா (போலீஸ்) வந்துட்டான்"னு சொன்னாலே தெருவே அடங்கும், அவங்ககிட்ட போய் இங்கிலீஷ்ல "மே வீ கம் இன்?"னு கேட்டா அவங்க தலையாட்டாம என்ன பண்ணுவாங்க. தமிழ்ல ஒரு தடவை "நீங்க வேண்டாம்னும் சொல்லலாம்மா"ன்னு சொன்னா போலீஸ் வேலை ஒண்ணும் கெட்டுப்போயிடாது. உண்மையிலயே அவசரம்னா, காரணம் இருந்தா, அவங்களுக்குத்தான் சட்டத்துல பவர் இருக்கே.

யாரோட சம்மதம்ங்கிறதும் நம்ம ஆளுங்களுக்கு பெரிய சிக்கல். ஒரு வீவக வீட்ல வீட்டுக்காரர் ஒரு ரூம்ல, ரெண்டு தமிழ்நாட்டுப் பசங்க ஒரு ரூம்ல, ஒரு குடும்பம் இன்னொண்ணுல. வீட்டுக்காரர் "வாங்க, எல்லா ரூமையும் பாத்துக்கோங்க"ன்னு சொன்னா அது பசங்களோட பெட்டிக்கும் சேர்த்தா? அமெரிக்காவுல 2006ல ராண்டால்ஃப்ங்கிற கேஸ்ல மனைவி வரச்சொன்னாங்க, புருஷன் வாசல்லயே நின்னு வேண்டாம்னாரு, அங்கயே நின்னு மறுக்கிறவரை மீறி அவருக்கு எதிரா சோதிக்க முடியாதுன்னு சொல்லிட்டாங்க. இங்க 34வது பிரிவோ 24வது பிரிவோ இருக்கும்போது யார் ஒத்துக்கிட்டாங்கன்னு பாக்க வேண்டிய தேவையே வர்றதில்ல. துவாஸ், சுங்கை காடுட் பக்கம் டோர்ம்ல (வெளிநாட்டு ஊழியர் விடுதியில) இருக்கிற தம்பிங்க நிலைமை இன்னும் மோசம், அங்க ரூம் சோதனைன்னு டோர்ம் ஆளுங்களே வருவாங்க, மனிதவள அமைச்சு அதிகாரிங்க வருவாங்க, போலீஸ் வரும், யார் எந்த பவர்ல வந்திருக்காங்கன்னு கட்டில்ல உக்காந்திருக்கிறவனுக்கு எப்படித் தெரியும். டோர்ம் நடத்துறவங்க விதியை வச்சு ரூமைப் பாக்குறது வேற, குற்ற விசாரணைக்கு உங்க பையைத் திறக்கிறது வேற. "பெர்மிட்டை கேன்சல் பண்ணிடுவாங்க"ங்கிற பயத்துல சொல்ற சரியை நான் முழு சம்மதம்னு எடுத்துக்க மாட்டேன்.

சரி, பவரும் இல்லாம, சம்மதமும் இல்லாம உள்ள வந்து ஏதோ ஒண்ணைக் கண்டுபிடிச்சிட்டாங்கன்னு வைங்க. கோர்ட்ல அது செல்லுமா? சீரியல் பாத்தவங்க செல்லாதுன்னு சொல்லுவாங்க. அமெரிக்காவுல அப்படித்தான். 1957ல கிளீவ்லாந்துல டால்ரீ மாப்னு ஒரு அம்மா வீட்டுக்கு போலீஸ் வந்துச்சு, அவங்க வக்கீலுக்கு போன் பண்ணிட்டு வாரண்ட் இல்லாம விட மாட்டேன்னாங்க, சில மணி நேரம் கழிச்சு கதவை உடைச்சு உள்ள வந்து ஒரு காகிதத்தைக் காட்டி வாரண்ட்னாங்க, கேஸ் நடந்தப்ப அந்த வாரண்ட்டை யாரும் கொண்டுவரல. 1961ல உச்ச நீதிமன்றம், இப்படி எடுத்த ஆதாரத்தை எந்த மாநில கோர்ட்டும் ஏத்துக்கக்கூடாதுன்னு சொல்லிடுச்சு.

நம்ம வழி வேற. 1955ல கென்யாவுல இருந்து லண்டன் பிரிவி கவுன்சிலுக்கு (காலனி நாடுகளோட கடைசி அப்பீல் கோர்ட்) குருமாங்கிறவரோட அப்பீல் போச்சு. சோதனை போட தகுதி இல்லாத கீழ்மட்ட போலீஸ்காரங்க அவரைச் சோதிச்சு ரெண்டு தோட்டா எடுத்தாங்க, ஆதாரம் கேஸுக்கு சம்பந்தப்பட்டதா இருந்தா எப்படி எடுத்தாங்கன்னு கோர்ட் கவலைப்படாதுன்னு தீர்ப்பு. பிரிவி கவுன்சில்தான் 1994 வரைக்கும் நமக்கும் மேல இருந்துச்சு. அதுக்கப்புறம் நம்ம நீதிபதிங்களே 2007ல டான் குவாட் நியோ ஃபிலிஸ் கேஸ்ல இதைத் தீர்த்து வச்சிட்டாங்க. சட்டமீறலா எடுத்தாங்கங்கிற ஒரே காரணத்துக்காக ஆதாரத்தைத் தள்ளுற அதிகாரம் கோர்ட்டுக்கு இல்ல, அது உண்மையை நிரூபிக்கிறதைவிட குற்றம் சாட்டப்பட்டவருக்கு அநியாயமா கெடுதல் பண்றதுதான் அதிகம்னா மட்டும் தள்ளலாம். இப்ப யோசிச்சுப் பாருங்க, டிராயர்ல எடுத்த பாக்கெட் பாக்கெட்டுதான், முறையா எடுத்தாலும் முறைகேடா எடுத்தாலும் அதோட நிரூபிக்கிற சக்தி குறையாது. அதனால வீட்டு சோதனையில கிடைச்ச பொருளுக்கு இந்த விதிவிலக்கு பெருசா உதவாது. 2011ல காதர் சகோதரர்கள் கேஸ்ல, விதியை மீறி எழுதின வாக்குமூலத்தை கோர்ட் ஒதுக்கலாம்னு மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது பெரிய விஷயம்தான், ஆனா அது வாக்குமூலத்துக்கு. விதியை மீறினா வார்த்தை மாறிப்போகலாம், பொருள் மாறாதே.

இந்தியாவும் நம்மள மாதிரிதான், 1973லயே உச்ச நீதிமன்றம் சோதனை முறைகேடா இருந்தாலும் ஆதாரம் செல்லும்னு சொல்லிடுச்சு. ஆனா 2024 ஜூலையில அங்க நடைமுறைக்கு வந்த புது குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல, சோதனை போடுறதையும் பொருளை எடுக்கிறதையும் ஆடியோ வீடியோவா பதிவு பண்ணணும்னு 105வது பிரிவுல கட்டாயமாக்கிட்டாங்க, போன்ல எடுத்தாலும் சரின்னுட்டாங்க. ஆதாரத்தைத் தள்ள மாட்டோம்னு ஒரு நாடு முடிவு பண்ணிட்டா, அந்த சோதனை எப்படி நடந்துச்சுங்கிறதையாவது எல்லாரும் பின்னாடி பாக்குற மாதிரி வைக்கணும், இது எனக்கு ரொம்ப நியாயமா படுது. இங்க போலீஸ்காரங்க சட்டையில கேமரா மாட்டிக்கிட்டு வர்றாங்க, ஆனா ஒவ்வொரு வீட்டு சோதனையையும் முழுசா பதிவு பண்ணி, கேட்டா வீட்டுக்காரருக்கும் காட்டணும்னு சட்டத்துலயே எழுதிட்டா போலீஸ் மேல தப்பா பழி வர்றதும் நின்னுடும்.

பாதுகாப்பான ஊர், ராத்திரி ரெண்டு மணிக்கு பொம்பளைப் பிள்ளை தனியா நடந்து வரலாம், அதுக்கு இந்தக் கடுமையும் ஒரு காரணம்னு சொல்றவங்களை நான் மதிக்கிறேன், எங்க வீட்லயும் பிள்ளைங்க இருக்காங்க. நான் கேக்குறது போலீஸோட பவரைக் குறைக்கணும்னு இல்ல, பவர் இருக்கும்போது பவர்னு சொல்லுங்க, இல்லாதப்ப கேள்விதான்னு சொல்லுங்க, அவ்வளவுதான்.

அதுவரைக்கும் வாசல்ல நிக்கிறவங்க என்ன பண்ணலாம்? சாதாரண உடையில வந்தா முதல்ல வாரண்ட் கார்டைக் (போலீஸ் அடையாள அட்டை) கேளுங்க, இப்ப போலீஸ்னு சொல்லி ஏமாத்துற கும்பல் ஏராளம், கேட்டுக்கு உள்ள இருந்தே பேசலாம், சந்தேகம்னா 999க்கே போன் பண்ணிக் கேக்கலாம். அப்புறம் மரியாதையா ஒரு கேள்வி, "சார், நீங்க அனுமதி கேக்குறீங்களா, இல்ல சட்டப்படி சோதனை போட வந்திருக்கீங்களா? எந்த குற்றத்துக்கு?" பவர் இருக்குன்னு சொன்னா வழிவிட்டுடுங்க, குறுக்க நிக்காதீங்க, கையைப் பிடிக்காதீங்க, அரசாங்க ஊழியர் வேலையைத் தடுத்தா 6 மாசம் வரைக்கும் ஜெயில் இல்ல 2,500 வெள்ளி வரைக்கும் அபராதம், ரெண்டும் சேர்ந்தும் வரலாம். "நான் மறுக்கல, ஆனா நான் சம்மதம் குடுத்ததாவும் எழுதிக்காதீங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லிடலாம். அனுமதிதான் கேக்குறாங்கன்னா, "இப்ப வேண்டாம் சார், இங்கயே பேசலாம்"னு சொல்றது குற்றம் இல்ல.

சோதனை நடக்கும்போது வீட்ல இருக்கிறவங்க கூட இருந்து பாக்க சட்டத்துல இடம் இருக்கு, ஹால்ல ஒருத்தரை உக்கார வச்சிட்டு எல்லாரும் கீழ போயிடாதீங்க. எடுத்துக்கிட்டு போற பொருளுக்கு அவங்க லிஸ்ட் போட்டு கையெழுத்து போடணும், அந்த லிஸ்டோட காப்பியைக் கேட்டு வாங்குங்க, போன், ஹார்ட் டிஸ்க், ரொக்கம்னு ஒவ்வொண்ணும் அதுல இருக்கான்னு பாருங்க. பொம்பளைங்களை உடல் சோதனை பண்ணணும்னா பொதுவா பெண் அதிகாரிதான் பண்ணணும். கைது பண்ணக்கூடிய குற்ற விசாரணைன்னா போன் பாஸ்வேர்டையும் கேக்க சட்டத்துல இடம் இருக்கு, அதை மறுக்கிறது தனிக் குற்றமா ஆகலாம், அந்த இடத்துல வீம்பு வேண்டாம்.

ஐஓ (விசாரணை அதிகாரி) பேரு, எந்த டிவிஷன், ரிப்போர்ட் நம்பர், எத்தனை மணிக்கு வந்தாங்க, எந்த ரூமுக்குள்ள போனாங்க, யார் என்ன சொன்னாங்க, எல்லாத்தையும் அன்னைக்கே எழுதி வச்சிடுங்க. முறைகேடு நடந்ததா தோணினா போலீஸோட உள் விவகாரப் பிரிவுக்கு புகார் எழுதலாம், அத்துமீறல்னு சிவில் கேஸ் போடவும் வழி இருக்கு, காசு இல்லாதவங்க ப்ரோ போனோ எஸ்ஜி இலவச சட்ட ஆலோசனைக்கு பதிவு பண்ணிக்கலாம். வக்கீல் வர்ற வரைக்கும் சோதனையை நிறுத்தி வைக்கணும்னு இங்க சட்டம் கிடையாது, அதனால அந்த ஒரு மணி நேரத்துல வீட்ல இருக்கிறவங்க கண்ணால பாத்து எழுதி வச்சதுதான் பின்னாடி வக்கீல் கையில இருக்கிற முதல் காகிதம்.